காத்தவராயன் ஓடிப்போகவில்லை

கருணாபுரத்தில் பாவாடையின் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் சாமி படம் எங்கே என்று சுவரைப் பார்ப்பார்கள். சாமி படம் மாட்டவேண்டிய சுவரில் வரிசையாக ஆணி அடித்துப் பதக்கங்கள் தொங்கும். முன்பக்கம் கிரீடம் வைத்த வெள்ளைக்கார ராஜாவின் தலை. பின்பக்கம் எதையோ மிதித்துக்கொண்டு நிற்கும் சிங்கம். எல்லாம் ஒரே அச்சு. வித்தியாசம் ஓரத்தில்தான். ரூபாய்க் காசில் பல் வெட்டியிருக்கும் இடத்தில், இதில் ஒரு ஆளின் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் குத்தியிருப்பார்கள்.

பாவாடைக்குச் சைக்கிள்தான் தொழில். கேரியரில் சாக்கு, ஹாண்டில்பாரில் தராசு, முன்கூடையில் பேரீச்சம்பழம். கள்ளக்குறிச்சியைச் சுற்றி அவர் கூவாத தெரு கிடையாது. ஓட்டை விழுந்த குடம், நசுங்கிய அண்டா, சாவி தொலைந்த பூட்டு, எது வந்தாலும் எடை போட்டுப் பழம் கொடுப்பார். சாயங்காலம் எல்லாவற்றையும் தனசேகரனின் பழைய பாத்திரக் கடையில் கொட்டிவிடுவார். பதக்கத்தை மட்டும் கொட்ட மாட்டார்.

அதிலும் எல்லாப் பதக்கத்தையும் இல்லை. இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஊர் திரும்பியவனுடையது என்றால் கடைக்கே போகும். கப்பலில் வேலைக்குப் போய், ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, பிடிபட்ட இடத்திலேயே செத்தவனுடையது என்று வீட்டார் வாயால் கேட்டு உறுதி செய்துகொண்டால்தான் சுவருக்குப் போகும்.

“இன்னா பாவாட, ராஜா தலையா சேத்து வச்சினு பட்டாபிஷேகம் பண்ணப் போறியா? மொத்தத்தையும் உருக்குனா ஒரு சொம்பு வரும்” என்பார் தனசேகரன்.

“சொம்பு வரும். பொணம் வருமா? அவங்களுக்குப் பொணமும் வரல, எலும்பும் வரல. இந்தப் பேரு மட்டும்தான் வந்துச்சு. அதையும் உன் அடுப்புல போடச் சொல்றியா?”

தனசேகரன் தராசுப் பக்கம் திரும்பிவிடுவார்.

சுவரில் இருந்த ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வந்தது. ஒன்று, பஸ் ஏறித் தேடிப்போன கடலூர் முதுநகரில், ஒரு ஆட்டுக்கடாவின் கழுத்திலிருந்து கழன்று வந்தது. ஒன்றை எலவனாசூர்கோட்டையில் ஒரு விதவை கொடுத்தார். தினமும் விளக்கு வைக்கும்போது அந்த ராஜாவின் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தவர் அவர். செத்துப்போன தன் புருஷனின் முகத்தைத்தான் சர்க்கார் அடித்து அனுப்பியிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். “மூக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா வச்சிட்டாங்க” என்றாராம். பாவாடை திருத்தவில்லை. “ஆமாம்மா, காதும் கொஞ்சம் பெருசுதான்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

கல்வராயன் மலையில் ஒரு பெண்ணின் காசுமாலையில், பழைய வெள்ளி ரூபாய்களுக்கு நடுவில், ஒரு பதக்கம் தொங்கியது. சமவெளியிலிருந்து யாரோ தானியத்துக்கு மாற்றிவிட்டுப் போனது. அடிவாரத்தில் சைக்கிளை விட்டுவிட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிப்போய்க் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றார் அந்தப் பெண். அடுத்த வருஷமும் மாட்டேன் என்றார். அதற்கடுத்த முறை, ஓரத்துப் பெயருக்கு உரிய வீட்டில் விசாரித்துவிட்டு வந்து, அது செத்தவன் பெயர் என்று பாவாடை எடுத்துச் சொன்னதும், “செத்தவன் பேரையா கழுத்துல போட்டுக்கினு ஆடுனேன்?” என்று அங்கேயே நூலை அறுத்துக் கையில் கொடுத்துவிட்டார். பழம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

பக்கத்து வீட்டில் குடியிருந்ததால் ஓரத்து எழுத்தை வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார். நான் வாசிப்பேன். ஒவ்வொரு முறையும் அது வேறு யாருடைய பெயராகவோ இருக்கும். அவர் தலையை ஆட்டிவிட்டு ஆணி அடிக்கப் போவார்.

அவருக்கு வேண்டிய பதக்கம் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அது மலையடிவாரத்தில், அவர் பிறந்த ஊரில், தெய்வசிகாமணி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது.

பாவாடையின் அப்பா காத்தவராயன் அந்த ஊர்க் காலனியிலிருந்து கப்பலுக்கு ஆள் எடுத்தபோது போனவர். பாய்லருக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. அவர் போகும்போது பாவாடை, அம்மா பெரியம்மாளின் வயிற்றில். சண்டை முடிந்து நாலைந்து வருஷம் கழித்து ஊருக்கு ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்தது. அந்தக் காலத்தில் தபால்காரர் காலனிக்குள் வர மாட்டார். ஊர் மணியக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். மணியக்காரர் தெய்வசிகாமணியின் அப்பா.

மணியக்காரருக்கு ஒரு தம்பி. பட்டாளத்துக்குப் போய், அங்கிருந்து ஓடி, எங்கோ ஒரு ஊரில் குடித்தே செத்தவன். ஊருக்குள் அது அரசல்புரசலாக வந்துகொண்டிருந்த நேரம். மணியக்காரர் பெட்டியைப் பிரித்தார். மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த பெரியம்மாளைக் கூப்பிட்டார். “உன் புருஷன் கப்பல்லேருந்து ஓடிட்டானாம். ரங்கூன்ல வேற பொம்பளையோட இருக்கானாம். சர்க்கார் எழுதியிருக்குது. போ” என்றார். அடுத்த வாரம் அவர் தம்பியின் போட்டோவுக்கு மாலை போட்டு, அதன் கீழே பதக்கம் ஏறியது. தன் தம்பியின் ஓட்டத்தை இவள் புருஷன் தலையில் கட்டிவிட்டு, இவள் புருஷனின் சாவைத் தன் தம்பிக்கு எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் பெயர் பட்டாளத்தார் வீடு. பெரியம்மாளுக்குப் பெயர் ஓடிப்போனவன் பொண்டாட்டி.

களையெடுக்கக் கூப்பிடும்போதும் அந்தப் பெயர்தான். ரேஷன் கடை வரிசையிலும் அந்தப் பெயர்தான். பெரியம்மாள் தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. எந்த நாளில் செத்தான் என்று தெரியாதவனுக்குக் கருமாதி எப்படிச் செய்வது? செத்தானா என்றே தெரியாதே.

பாவாடைக்கு முப்பது வயதுக்கு மேல் ஆன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எலவனாசூர்கோட்டையில் பொன்னுரங்கம் என்ற கிழவர் தன் பதக்கத்தைப் பேரீச்சம்பழத்துக்குப் போட வந்தார். “தூக்கினு போ. இத வச்சினு நாக்கு வழிக்கக்கூட முடியல.” பேச்சோடு பேச்சாக எந்த ஊர் என்று கேட்டவர், பாவாடையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “காத்தவராயன் மவனாடா நீ?” என்றார்.

ஒரே கப்பல். ஒன்றாகவே சிங்கப்பூரில் பிடிபட்டார்கள். பெயர் வாயில் நுழையாத ஒரு தீவுக்கு இருவரையும் கொண்டுபோய்க் கல் சுமக்கவைத்தார்கள். காத்தவராயன் வயிற்றுப்போக்கில் செத்தார். மண்ணைத் தள்ளியவர்களில் பொன்னுரங்கமும் ஒருவர். “அவனுக்கும் இதே மாதிரி ஒண்ணு வந்திருக்கணுமே. ஓரத்துல பேரு இருக்குமே. வூட்டுல பாக்கலியா நீ?”

காலனித் தபால் எந்த வீட்டில் இறங்கியது, எந்த வீட்டு அலமாரியில் பதக்கம் இருக்கிறது என்று தெரிந்த பாவாடை நேராக ஊருக்குப் போனார். மணியக்காரர் அப்போது உயிரோடு இல்லை. தெய்வசிகாமணி வாசலில் நின்று கேட்டார். ஒருமுறைதான் கேட்டார். சைக்கிளைத் தூக்கிக் கிணற்றில் போட்டார்கள். தராசும் போனது. அவரை அந்தக் கிணற்று மேட்டில் உட்காரவைத்து, “உன் அப்பன் ரங்கூன்லேருந்து வந்து எடுத்துக் குடுப்பான்டா” என்று சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. புது சைக்கிள் வாங்கினார். பதக்கம் சேர்க்கத் தொடங்கினார். அந்த ஊரையும் விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தெருவில் சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு போவார். மற்ற தெருக்களில் “ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று இழுத்துக் கூவுகிறவர், அங்கே மட்டும் வெட்டி வெட்டிக் கூவுவார். “பழசு இருக்குதா... பழசு. அடுத்தவன் வூட்டுது இருந்தாலும் எடுத்துக்கினு வாங்க...” பட்டாளத்தார் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும்.

எண்பத்தேழில் இட ஒதுக்கீட்டுக்கான மறியல் வந்தது. ஒரு வாரம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மாடு படுத்திருந்தது. அந்த வாரத்தில்தான் மகாளய அமாவாசை. எந்த நாளில் செத்தார்கள் என்று தெரியாதவர்களுக்கும் சேர்த்துப் படையல் போடும் நாள். தெய்வசிகாமணி வீட்டில் வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பதக்கத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் தெரு பார்க்கக் கூடத்தில் வைப்பார்கள். மற்ற வருஷங்களில் ஊர் ஆட்கள் பாதிப் பேர் வேலைக்கும் சந்தைக்கும் போயிருப்பார்கள். இந்த வருஷம் ஒருவரும் எங்கும் போகமுடியாது. ஊர் முழுக்கத் தெருவில் இருக்கும்.

“இந்த வாரத்துலயா ஊர்த்தெருவுக்குப் போவ? வெட்டுக்கத்தியோட நிக்கறாங்க” என்று அவர் மனைவி செவ்வந்தி சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

“மரம் வெட்ட நிக்கறாங்க. நான் மரமா?” என்றார் பாவாடை. சுவரில் இருந்த பதக்கங்களைக் கழற்றி மஞ்சள்பையில் போட்டுக்கொண்டு வயல் வரப்பு வழியாகவே போனார். தூரத்தில் நின்று பார்த்தால் போதும் என்று நானும் பின்னால் போனேன்.

கூடத்தில் தலைவாழை இலை. வடை, பாயசம், பூசணிக்காய்க் கூட்டு. போட்டோவுக்குக் கீழே சிவப்புத் துணியில் பதக்கம். பாவாடை வாசலுக்கு நேரே தெருவில் துண்டை விரித்து, மஞ்சள்பையைக் கவிழ்த்தார்.

தெய்வசிகாமணி வெளியே வந்தார். “இன்னாடா இது? நாளும் கெழமையுமா வாசல்ல கடை விரிச்சிக்கினு?”

“கடை இல்லீங்க. சாட்சி.”

“எதுக்கு சாட்சி?”

“இதுல ஒவ்வொண்ணுலயும் பேரு இருக்குது. உங்க வூட்டுதுலயும் இருக்கும். படிச்ச புள்ளை யாராச்சும் ஒண்ணு எடுத்து வாசிக்கட்டும். உங்க சித்தப்பா பேரு வந்தா, இந்த மொத்தத்தையும் வுட்டுட்டு, நான் இந்த ஊர்ப்பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. காலேஜ் மூடிவிட்டதால் ஊரில் இருந்த இளமாறன் என்ற பையனை முன்னால் தள்ளினார்கள். அவன் துண்டில் இருந்தவற்றை எடுத்து வாசித்தான். ஆரோக்கியசாமி. ஷேக் தாவூத். முனியன். ஒவ்வொரு பெயருக்கும் பாவாடை, “பரங்கிப்பேட்டை. தீவுல செத்தார்”, “கடலூர். கப்பல்லயே செத்தார்” என்று சொல்லிக்கொண்டு வந்தார். பெண்கள் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். இனிமேல் காட்டாமல் இருந்தால் அதுவே பதில் ஆகிவிடும். தெய்வசிகாமணி உள்ளே போய்ப் பதக்கத்தை எடுத்துவந்து இளமாறன் கையில் வைத்தார்.

இளமாறன் திருப்பினான். மறுபடியும் திருப்பினான். வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தான்.

“ஒண்ணும் இல்லியே. வழுவழுன்னு இருக்குது.”

தெய்வசிகாமணியின் மனைவி பாப்பாத்தி கதவோரத்திலிருந்து மெல்லச் சொன்னார். “வெள்ளிக்கு வெள்ளி வெளக்கோட சேத்துப் புளி போட்டு, செங்கல் தூள் வச்சுத் தேய்ப்பேன். எங்க அத்தை காலத்துலேருந்து அப்படித்தான்.”

ராஜாவின் மூக்குகூட மழுங்கியிருந்தது. ஒரு பெயரை இரண்டு பெண்கள் சுத்தத்துக்காகத் தேய்த்தே தீர்த்திருந்தார்கள்.

யாரோ முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். “பாவாட, நாலு பழம் குடுத்து வாங்கிக்கினு போயேன்!” “ரங்கூன்ல கேட்டுப் பாருடா!”

பாவாடை சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு இலைக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தைக் காட்டினார். “பேருதான் இல்ல. வாய் இருக்குது இல்ல? இன்னிக்கு அமாவாச. செத்தவங்க எல்லாம் சாப்பிட வந்திருப்பாங்க. உங்க சித்தப்பாவும் வந்திருப்பார், எங்க அப்பாவும் வந்திருப்பார். கற்பூரத்த அடிச்சு சத்தியம் பண்ணுங்க, உங்க வூட்டுதுன்னு.”

சிரிப்பு நின்றது. பாப்பாத்தி வேகமாக முன்னால் வந்தார். “வேணாங்க. நம்ம பொண்ணு ஜெயசுதா மாசமா இருக்குது. வேணாம்.”

அவர் வேண்டாம் என்று சொன்னதே கேட்டவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. தெய்வசிகாமணி கூட்டத்தின் முகங்களைப் பார்த்தார். அவர் நிறுத்தியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். மனைவியை ஒதுக்கித் தள்ளினார்.

“இது என் சித்தப்பனுது. பொய்யின்னா என் குடி வெளங்காம போகட்டும்.” உள்ளங்கையால் கற்பூரத்தின் மேல் அடித்து அணைத்தார்.

பாவாடை துண்டில் இருந்த பதக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டார். “சரிங்க. கேட்டுக்கினேன்” என்றார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். அடி விழும் என்று பார்த்தேன். யாரும் கையை ஓங்கவில்லை.

வீட்டில் மகனோடு இருந்த பெரியம்மாள் கேட்டது இரண்டே கேள்விதான். “கற்பூரத்த கையால அடிச்சானா?”

“அடிச்சான்.”

“வாயால சொன்னானா?”

“சொன்னான்.”

“போதும்” என்றார். அன்றைக்கு அந்த அம்மாள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகச் செவ்வந்தி எங்கள் வீட்டில் வந்து சொன்னார். “சிரிச்சிக்கினே துன்னுது. எனக்கு பயமா இருக்குது.”

ஐப்பசி மழையில் பாப்பாத்தி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். முந்தானை முடிச்சிலிருந்து பதக்கத்தை அவிழ்த்து நீட்டினார். அத்தை சாகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் செத்தாராம். “பொண்ணுக்கு ராவெல்லாம் வலி வலின்னு கத்துது. வாங்கிக்கப்பா. உன் கால்ல வேணா விழறேன்.”

பாவாடை தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எங்க வூட்டுதுன்னா வாங்கிக்குவேன். உங்க வூட்டுக்காரர் கற்பூரம் அடிச்சு உங்க வூட்டுதுன்னு சொல்லிட்டாரே. அடுத்தவங்க பொருள் எனக்கு எதுக்கு?”

இன்னொரு முறை வந்தார். அதே பதில். அந்த மாதமே பாப்பாத்தி, இதை ஒப்படைத்துவிட்டு வரும்வரை உலை வைக்க மாட்டேன் என்று பெண்ணைக் கூட்டிக்கொண்டு தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்.

கார்த்திகையில் தெய்வசிகாமணியே வந்தார். வெள்ளை வேட்டியில் எங்கள் சந்தின் சேறு. தெருக் குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தை நிமிர்த்திவிட்டுப் பார்த்தார்கள். கைக்குட்டையில் சுற்றிய பதக்கத்தைப் பாவாடையிடம் நீட்டினார்.

“இந்தா. முடிச்சிக்கலாம்.”

“இன்னான்னு முடிக்கறது?”

“உங்க அப்பனுதுதான். போதுமா?”

“குழாயடிக்குக் கேக்கலீங்க.”

தெய்வசிகாமணி தொண்டையைச் செருமினார். “இது காத்தவராயனுது. அவன் ஓடிப்போகல. கப்பல்லேருந்து பிடிச்சிக்கினு போய், அங்க செத்தான். எங்கப்பா மாத்திச் சொல்லிட்டார்.”

பாவாடையின் முகம் ஒரு மாதிரி ஆனது. இத்தனை வருஷம் ஊர் ஊராக மற்றவர்களின் பெயரைப் பொறுக்கிக்கொண்டு திரிந்த கை, தானாக நீண்டது. பதக்கத்தின் மேல் விரல் படப் போனது.

“தொடாத” என்றார் பெரியம்மாள்.

உள்ளே பாயில் இருந்தவர் எழுந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் பெரிய பொட்டு. காலனி ஆட்கள் ஊர்த்தெருக்காரர்களைக் கூப்பிடும் ஆண்டே என்ற வார்த்தை அவர் வாயில் வரும் என்று தெய்வசிகாமணி எதிர்பார்த்திருக்க வேண்டும். வரவில்லை.

“தெய்வசிகாமணி, இந்த சந்துல சொல்லி இன்னா பிரயோசனம்? இங்க எவளும் என்னை ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு சொன்னதில்ல. சொன்னது உங்க தெரு. வா, அங்க வந்து சொல்லு.”

“எம் பொண்ணு வயித்துப் புள்ளையோட...”

“என் வயித்துலயும்தான் இருந்துச்சு. உங்க அப்பன் பாத்தானா?” செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். “பஸ்ஸு போயிடும். வா.”

மூன்று பேரும் ஒரே டவுன்பஸ்ஸில் போனார்கள். நான் கடைசி சீட்டில். கண்டக்டர் வந்தபோது பெரியம்மாள், “பட்டாளத்தார்கிட்ட வாங்கிக்க” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெய்வசிகாமணி எல்லாருக்கும் வாங்கினார்.

ஊர்த்தெருவில் முதல் வீட்டு வாசலிலேயே பெரியம்மாள் நின்றார். “இங்கதான் பருத்தி எடுக்கையில மொதமொத சொன்னாங்க. சொல்லு.” தெய்வசிகாமணி சொன்னார். அடுத்த வாசல். “இந்த வூட்டுக் கெழவி செத்துட்டா. பரவால்ல, மருமவ கேக்கட்டும்.” சொன்னார். எந்தெந்த வாசலில் என்னென்ன சொன்னார்கள் என்பது அந்த அம்மாளுக்கு வரிசையாக மனதில் இருந்தது. ஒன்றையும் தாண்டவிடவில்லை. கதவுகள் திறந்தன. அமாவாசைக்குச் சிரித்தவர்கள் திண்டாடிப்போய் வேறெங்கோ பார்த்தார்கள். இளமாறன் கைகட்டி நின்றான். பாதித் தெருவில் தெய்வசிகாமணிக்குக் குரல் கட்டிவிட்டது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். குடிக்கும்வரை பொறுத்திருந்து, “அடுத்த வூடு” என்றார் பெரியம்மாள். பாவாடை பின்னால் வந்துகொண்டிருந்தார். தன் அப்பாவின் பெயரை அவர் இத்தனை முறை கேட்டதே இல்லை.

கடைசி வீடு பட்டாளத்தார் வீடு. பூட்டியிருந்தது. கதவுக்கு மேலே மணியக்காரரின் போட்டோ.

“இந்த வூட்டுலதான் ஆரம்பிச்சது” என்றார் பெரியம்மாள். “உங்க அப்பனைப் பாத்து சொல்லு. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நீ பொய் சொன்னேன்னு சொல்லு.”

தெய்வசிகாமணி அண்ணாந்து பார்த்தார். “அது மட்டும் வேணாம்” என்றார் காற்று மாதிரி. “இதை வாங்கிக்கினு போயிடுங்க.”

“விடும்மா, போதும்” என்றார் பாவாடை.

பெரியம்மாள் மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசற்படியில், கதவுக்கு நேரே, காலை நீட்டி உட்கார்ந்தார்.

“எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. சொல்லு.”